அந்த ஊரில் மாமா என்றால் அம்மா

1

நேற்றுச் சாயந்திரம் எங்கள் தெருவில் வானத்தைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பயப்பட வேண்டாம், சண்டை இல்லை, கொண்டாட்டம். போன வருஷம் இதே மார்ச்சில்தான் வெளிநாட்டு விமானங்கள் லிபியாவுக்குள் வந்து குண்டு போட்டன. அதற்கு ஒரு வருஷம் ஆகிவிட்டதாம். நம்மூராக இருந்தால் வாழைமரம் கட்டி மைக்செட் போட்டுக் காதைக் கிழிப்பார்கள். இவர்களுக்குத் துப்பாக்கி. மேலே போன குண்டு கீழே வந்துதானே ஆகும் என்று ஒருத்தனும் யோசிப்பதில்லை. மாடியில் காயப்போட்ட யூனிபார்மை எடுக்கப் போகாதே என்று வீட்டுக்காரர் தடுத்துவிட்டார். இன்று காலை அதை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு, தும்மிக்கொண்டே டியூட்டிக்குப் போனேன்.

நான் வசந்தி. பெங்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சொந்த ஊர் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் குமராட்சி. படித்ததும் முதலில் வேலை பார்த்ததும் கடலூரில். வீட்டுக்காரர் ராமலிங்கம் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர், ஏசி பார்க்கிற எலக்ட்ரீஷியன். என் தம்பி வேலு ஆஸ்பத்திரி வேன் ஓட்டுகிறான். மகள் நிலா இங்கேயே பிறந்தவள், ஒன்றாவது படிக்கிறாள்.

ஊருக்குப் போன் போட்டால் ஆளுக்கொரு கேள்வி. "வெளிநாட்டுக்காரன் பிளேன் வந்துதான உங்கள காப்பாத்துச்சு?" என்பார் ஒருத்தர். "அந்த பிளேன் வந்துதான அந்த நாடே நாசமாப் போச்சு?" என்பார் அடுத்தவர். இரண்டு பேருமே பதிலை அவர்களே சொல்லிக்கொண்டு போனை வைத்துவிடுவார்கள். எனக்குப் பேச வாய்ப்பே கிடைத்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

2

முதலில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் எங்கள் கதை புரியாது.

வீட்டுக்காரர் எனக்கு அத்தை மகன். அதனால் விவரம் தெரிந்த நாளிலிருந்து அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். கல்யாணத்துக்கு அப்புறமும் அதேதான். என் தம்பி வேலுவுக்கும் அவர் மாமா. என் மாமனாரும் எனக்கு மாமா. எங்கள் பக்கத்தில் இந்த வார்த்தைக்குக் கஞ்சத்தனமே கிடையாது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்று "மாமா" என்று ஒரு சத்தம் கொடுத்தால் டீ குடிக்கிறவர், கண்டக்டர், வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இந்த மண்ணில் இறங்கிய முதல் வாரம் மார்க்கெட்டுக்குப் போனோம். நான் வெண்டைக்காயைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், "மாமா, மாமா, இங்க வாங்க!" என்று கத்தினேன். கடைக்காரர் ரொம்ப மரியாதையாக எழுந்து நின்று, வயசான அம்மா யாரோ வருகிறார் என்று ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். வந்தது இவர். ஆறடி உயரம், கட்டைமீசை, கறுகறுவென்று நம் கொள்ளிடக்கரை நிறம். அரபியில் மாமா என்றால் அம்மா. கடைக்காரர் இவரைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த நாற்காலியில் அவரே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை இவரை "மாமா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "ஜெனரேட்டர் நின்றுவிட்டது, அம்மாவைக் கூப்பிடு" என்பார்கள். இவர் கொஞ்ச நாள் மூக்குமுட்டக் கோபப்பட்டார். அப்புறம் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

தலைவலி எங்கே வந்தது என்றால், நிலா பேச ஆரம்பித்தபோது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து அவள் என்னை மாமா என்றாள். அப்பாவை பாபா என்றாள். "அம்மான்னு சொல்லுடி" என்று தோசைக்கரண்டியைக் காட்டி மிரட்டியும் பார்த்தேன். "பாஹி, மாமா" என்றாள். பாஹி என்றால் சரி.

2009இல் லீவுக்கு வந்தபோது என் மானம் கீழ வீதியில் போனது. சிதம்பரம் கீழ வீதியில் வளையல் வாங்கிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் கை நழுவிவிட்டது. நிலா "மாமா, மாமா!" என்று வீறிட்டு அழ, எங்கிருந்துதான் வந்தார்களோ, நாலு பேர் ஓடிவந்தார்கள். ஒருத்தர் தூக்கிக்கொண்டார், ஒருத்தர் ஐஸ் வாங்கிக் கொடுத்தார். நான் மூச்சிரைக்க ஓடிப்போய், "என் புள்ளைங்க, குடுங்க" என்றேன். தூக்கிவைத்திருந்தவர் கொடுக்கவில்லை.

"இரும்மா. பாப்பா அவுங்க மாமாவத்தான் கேக்குது. மாமாவ வரச் சொல்லு."

"நான்தாங்க அந்த மாமா" என்றேன் நான், அவசரத்தில்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்போது ஊரில் இருந்த வேலு ஓடிவந்து, "நான்தான் மாமா, குடுங்க" என்றான். நிலா அவனைப் பார்த்து, இவன் மாமா இல்லை என்று அரபியில் இன்னும் பெரிசாக அழுதாள். கடைசியில் வளையல்கடைக்காரர் சாட்சி சொல்லித்தான் நான் பெற்ற பிள்ளை என் கைக்கு வந்தது. வீட்டுக்கு வந்தால் மாமனார் ஆடித் தீர்த்துவிட்டார். "பெத்தவள மாமாங்குது. சொந்த மாமன யாருன்னு கேக்குது. என்னா வளப்புடி இது?"

3

கடலூரில் கடல் உள்ளே வந்த வருஷம் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அந்த 2004 டிசம்பரில் பார்த்ததை எழுத எனக்கு மனசு வராது. அதற்கப்புறம் வந்த வெளிநாட்டுக்காரர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நல்ல மனசோடுதான் வந்தார்கள், பொய் சொல்லக்கூடாது. கட்டுக்கட்டாகக் கம்பளி கொண்டுவந்தார்கள். கடலூர் வெயிலில் கம்பளி! சனங்கள் சும்மா வந்ததை வேண்டாம் என்று சொல்வார்களா? ஆட்டுக்குப் போட்டார்கள், வாசலில் படுதாவாகக் கட்டினார்கள். ஒரு மீனவர் வீட்டு அம்மாவிடம் வெள்ளைக்காரர் ஒருத்தர், உங்களுக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேட்டார். நான்தான் மொழிபெயர்ப்பு. அந்த அம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, "மொதல்ல அந்த கேமராவ அந்தாண்ட வெக்கச் சொல்லு பாப்பா" என்றார். அதை இங்கிலீஷில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "அவர் நன்றி சொல்கிறார்" என்றேன்.

ஆனால் அதே ஆட்கள்தான் ஒரு குப்பத்துக்குக் கக்கூஸ் கட்டிக்கொடுத்தார்கள். அது இன்றைக்கும் நன்றாக இருக்கிறது, பொம்பளைகள் வாய் நிறைய வாழ்த்துகிறார்கள். அடுத்தவன் கஷ்டத்தில் உதவ வருகிறவன் கையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் கொடுக்கிறான். லிபியாவுக்கு வந்தவர்கள் கையில் விமானம் இருந்தது. அது கம்பளியா, கக்கூஸா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சண்டையில் ஊருக்கு ஓடிப்போயிருந்த நாங்கள் மறுபடி இங்கே வந்த பிறகு, போன டிசம்பர் கடைசியில் கடலூரில் புயல் அடித்து, பலாவும் முந்திரியுமாகச் சாய்ந்துகிடந்ததை டிவியில் காட்டினார்கள். எங்கள் ஹெட் நர்ஸ் ஹலீமா, லிபியாக்காரி, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உங்கள் ஊரில் கடல் வருகிறது, காற்று வருகிறது. மனுஷர் இருக்கிற ஊரா அது? உன் மாமனாரை உடனே இங்கே கூட்டிவந்துவிடு, இங்கே பத்திரமாக இருக்கலாம்" என்றாள். அவள் அதைச் சொல்லும்போது வாசலில் எவனோ துப்பாக்கியை வைத்துக்கொண்டு டிராபிக்கைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

4

போன வருஷம் சண்டை தொடங்கியபோது நாங்கள் பெங்காசியில் இல்லை, தெற்கே ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தோம். நம் நாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகக் கப்பல் வருகிறது என்றார்கள். ஆனால் எங்கள் பாஸ்போர்ட் ஆபீஸ் பீரோவுக்குள் இருந்தது. சாவி வைத்திருந்த கிளார்க் எகிப்துக்கு ஓடிவிட்டார். பீரோவை உடைக்கலாமா என்று மேலதிகாரியிடம் போய்க் கேட்டோம்.

"உடைக்க வேண்டுமென்றால் கையெழுத்து வேண்டும்."

"யார் கையெழுத்து?"

"சாவி வைத்திருப்பவர் கையெழுத்து."

அடப்பாவி, சிதம்பரம் தாலுகா ஆபீஸே தேவலை என்று எனக்குத் தோன்றிவிட்டது. கடைசியில் இவர் பீரோவைத் திருப்பிப்போட்டு, பின்தகட்டின் ஸ்குரூவைக் கழற்றி, பாஸ்போர்ட்டுகளை எடுத்துவிட்டு, மறுபடி ஸ்குரூவை முடுக்கிவைத்தார். பூட்டு பூட்டியபடி இருந்தது. அதிகாரி வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார். அதற்குள் கப்பலும் போய்விட்டது.

ஹலீமாவும் அப்போது அங்கேதான் வேலை பார்த்தாள். அவள் வீட்டில் இரண்டு கட்சியும் இருந்தது. அவள் அண்ணன் புரட்சிக்காரர்களோடு. அக்கா புருஷன் அரசாங்கப் பட்டாளத்தில். இரண்டு பேரும் அவளுக்குத்தான் போன் செய்வார்கள். "அவன் சாப்பிட்டானா என்று இவன் கேட்கிறான், இவன் சாப்பிட்டானா என்று அவன் கேட்கிறான். அப்புறம் போனை வைத்துவிட்டுப் போய் ஒருத்தனை ஒருத்தன் சுடுகிறான்" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

ஊரில் அப்போது எலெக்ஷன் நேரம். மாமனார் போனை எடுத்ததுமே, "அங்க எந்தக் கட்சிம்மா ஜெயிக்கும்?" என்றார்.

"இது எலெக்ஷன் இல்ல மாமா, சண்டை. வெளிநாட்டு பிளேன்லாம் வந்துடுச்சு."

"எத்தினி நாடு?"

"நெறைய நாடு மாமா."

"அப்பன்னா பெரிய கூட்டணிதான்" என்றார் மாமனார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்ம பங்காளித் தகராறுல பஞ்சாயத்துக்கு வந்தவன் வரப்பையும் சேத்து வெட்டிக்கினு போனான் பாரு, அந்த மாதிரி ஆயிடப் போவுது" என்றார்.

எங்கள் ஊர்ப்பக்கம் விமானம் முதலில் வந்த நாள் நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை. சத்தம்தான். ஜன்னல் கண்ணாடி எல்லாம் பல்லைக் கடித்தது. நிலா கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். அடுத்த நாள் வார்டில் இரண்டு பக்கத்து ஆட்களும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். ஒருத்தன் வானத்தைக் காட்டிக் கடவுள் அனுப்பினார் என்றான். அடுத்தவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான், அவன் தம்பி அந்தக் குண்டில் போய்விட்டானாம். இரண்டு பேருக்கும் நான் ஒரே ஊசிதான் போட்டேன். எனக்குப் போடத் தெரிந்தது அதுதான்.

அன்று மாமனார் கூட்டணி பற்றிக் கேட்கவில்லை. "வேல கெடக்குது, மயிரு. எம்புள்ளய, பேத்திய, உன் தம்பிய எல்லாம் இட்டுக்கினு வந்து சேரும்மா. ஒன்னதான் நம்பியிருக்கேன்." இவரைவிட என்னை நம்பினார் பாருங்கள், அந்தப் பொறுப்பு நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது.

5

எகிப்து எல்லைக்கு வேனிலேயே போவது என்று முடிவானது. வேலு ஓட்ட, நாங்கள் மூன்று பேர். கூட யூசுப்.

யூசுப் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறவர். பக்கத்து நாடான சாட்டிலிருந்து வந்தவர். "சாட்டுன்னு ஒரு நாடா? நம்மூர்ல அத தட்டுல வெச்சி வெங்காயம் தூவித் தருவாங்களே" என்று வேலு முதல் நாளே கிண்டல் பண்ணினான். அவர் சலவை அறையும் இவர் ஜெனரேட்டர் அறையும் அடுத்தடுத்து. இரண்டு பேரும் ஒரு கெட்டில் டீயை நாள் முழுக்கக் குடிப்பார்கள். ரொம்பப் பேச்சு இருக்காது, இவருக்கு அரபி அவ்வளவுதான் வரும். பியூஸ், டீசல், நாளைக்கு என்பது மாதிரி சில வார்த்தைகளை வைத்தே அத்தனை வருஷம் ஓட்டிவிட்டார்.

கிளம்பும்போது இவர் ஒரு பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டார். பழைய துணிச் சந்தையில் வாங்கியது, அசல் பட்டாளத்துக் கோட்டு மாதிரியே இருக்கும். "அத கழட்டிப் போடுங்க மாமா, பாக்கவே பயமா இருக்குது" என்றேன். "குளுருதுல்ல?" என்றார். இவர் பிடித்தால் பிடித்ததுதான்.

அந்த நேரத்தில் ஊரெங்கும் ஒரே பேச்சு. அரசாங்கம் வெளிநாட்டிலிருந்து கூலிப்படை இறக்கியிருக்கிறது, கறுப்பாக இருப்பார்கள் என்று. வானத்தில் வந்த வெளிநாட்டுக்காரன் ஒரு கட்சிக்கு நண்பன், தரையில் வந்த வெளிநாட்டுக்காரன் எதிரி. நாங்கள் எந்தக் கணக்கில் வருகிறோம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பாலைவன ரோட்டில் புரட்சிக்காரப் பையன்கள் வண்டியை நிறுத்தியபோதுதான் தெரிந்தது.

ஒரு பையன் உள்ளே எட்டிப் பார்த்தான். பச்சைக் கோட்டு, ஆறடி, கறுப்பு. "இறங்கு" என்றான். அப்புறம் யூசுப்பைப் பார்த்து, "நீயும்." இரண்டு பேரையும் ரோட்டோரத்தில் மண்டிபோட வைத்தார்கள். கல்யாணத்தின்போது எங்கள் பக்கத்துப் பெண்டுகள் "மாப்ள கொஞ்சம் கறுப்பு" என்று முணுமுணுத்தார்கள். அந்தக் கறுப்பு இப்படி ஒரு இடத்தில் வந்து உயிருக்கு உலை வைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் பாஸ்போர்ட்டுகளைக் கொடுத்தேன். அங்கே பிடித்தது அடுத்த சனியன். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? அப்பா பெயரைப் போட்டுக்கொள்கிறோம், பெண்கள் புருஷன் பெயரைப் போட்டுக்கொள்கிறோம். பையன் உரக்கப் படித்தான். வசந்தி ராமலிங்கம். நிலா ராமலிங்கம். சரி. வேலு சிவக்கொழுந்து. ராமலிங்கம் கோவிந்தசாமி.

"உங்கள் இரண்டு பேர் குடும்பம் ராமலிங்கம். இந்தக் கோவிந்தசாமி யார்?"

"அவர்தான் ராமலிங்கம்" என்றேன்.

"கோவிந்தசாமி என்று இருக்கிறதே?"

"அது அவர் அப்பா."

"அப்பா எங்கே?"

"குமராட்சியில்."

பொய் சொல்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டான். இவரிடம் போய், "நீ எந்தக் கதீபா?" என்று அதட்டினான். கதீபா என்றால் பட்டாளப் பிரிவு. இவர் காதில் அது கஹ்ரபா என்று விழுந்தது. கஹ்ரபா என்றால் கரண்டு. இவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆகா, நம் வேலையைத்தான் கேட்கிறான் என்று, "கஹ்ரபா! கஹ்ரபா!" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

"கூலிக்குத்தானே வந்தாய்?"

கூலி என்ற வார்த்தை இவருக்கு நன்றாகத் தெரியும். "ஆமாம், ஆமாம், கூலிக்கு. மாசாமாசம்" என்றார்.

பையன் துப்பாக்கியை எடுத்து இவர் தலைக்கு நேராகப் பிடித்தான்.

எனக்கு அத்தனை வருஷ அரபியும் எங்கே போனது என்று தெரியவில்லை. வாயைத் திறந்தால் குமராட்சிதான் வந்தது. "மாமா! ஐயோ, மாமா!" என்று வேனிலிருந்து குதித்து ஓடினேன். வேலு ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, "மாமா! மாமா!" என்று கத்திக்கொண்டு மறுபக்கம் இறங்கினான். நான் ஓடுவதைப் பார்த்த நிலா, ஜன்னலில் தலையை விட்டு என்னைப் பார்த்து "மாமா! மாமா!" என்று அலறினாள்.

பையன்கள் திகைத்துப் போனார்கள். ஒரு குடும்பமே நடு ரோட்டில் அம்மா, அம்மா என்று கதறுகிறது, அம்மாவைக் காணோம். சத்தம் கேட்டு, கண்ணாடி போட்ட பெரியவர் ஒருத்தர் கொட்டகையிலிருந்து வந்தார். அவர்தான் அங்கே தலைவர் போலிருக்கிறது. துப்பாக்கியைத் தாழ்த்தச் சொல்லிவிட்டு, நேராக நிலாவிடம் போனார்.

"உன் மாமா யார்?"

நிலா என்னைக் காட்டினாள்.

"இவன் யார்?"

"பாபா."

"அப்படியென்றால் இவர்கள் ஏன் இவனை மாமா என்கிறார்கள்?"

நிலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சுத்தமான அந்த ஊர் அரபியில், தெரியாத ஆளுக்குப் பாடம் நடத்துகிற மாதிரி சொன்னாள். "அவர்கள் ஊரில் எல்லாரும் மாமாதான். பாபாவும் மாமா. தாத்தாவும் மாமா. பஸ் கண்டக்டரும் மாமா. மாமா மட்டும் மாமா இல்லை."

பெரியவர் அதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். அவருக்கு உதடு துடித்தது. அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பையன்களும் சிரித்தார்கள். "கூலிப்படைக்காரன் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். மீசை வைத்த அம்மாவை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார். கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு, இவரை ஏறச் சொன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

யூசுப் மண்டிபோட்டபடியே இருந்தார். அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. எங்கள் எல்லாரையும்விட அவர்தான் நன்றாக அரபி பேசினார். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறேன், எத்தனையோ வருஷமாக இங்கே இருக்கிறேன் என்று நிதானமாகச் சொன்னார். அதுதான் வினையாகப் போனது. பக்கத்து நாடு, மொழியும் தெரிகிறது, இவன் ஆள்தான் என்றார்கள்.

வேன் படியில் கால் வைத்த இவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏறுங்க மாமா. புள்ள இருக்கா" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அவன் ஏறட்டும்."

"அவுங்க மனசு மாறிடப் போவுது, ஏறுங்க!"

"ஏற மாட்டேன் வசந்தி." குரலே உயரவில்லை. சொன்னேனே, பிடித்தால் பிடித்ததுதான்.

அப்போதுதான் வேலு போனான். சும்மா நடந்து போய், யூசுப்புக்குப் பக்கத்தில் தானும் மண்டிபோட்டு, தோளில் கையைப் போட்டுக்கொண்டான். பெரியவரை நிமிர்ந்து பார்த்து, "மாமா" என்றான். இவர்தான் மாமா என்று அரபியிலும் சொன்னான்.

பெரியவர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடி நிலாவிடம் வந்தார். "இவனுமா உங்கள் மாமா?"

கேட்டதற்குக் கேட்ட பதில் சொல்கிற பிள்ளை. இல்லை, அவர் துணி வெளுக்கிறவர் என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை.

நிலாவுக்கு எரிச்சல்தான் வந்தது. "நான்தான் சொன்னேனே, எல்லாரும் மாமா என்று" என்றாள்.

பெரியவர் எங்கள் ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். "போங்கள். உங்கள் அம்மாக்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு சீக்கிரம் போங்கள்" என்றார்.

6

எல்லை வரைக்கும் வேலுவின் வாய் ஓயவில்லை. மாமா என்றால் என்ன முறை என்று யூசுப்புக்கு விளக்கினான். நான் உன்னை மாமா என்றால் நீ என்னை மச்சான் என்று சொல்ல வேண்டும் என்று பாடம் எடுத்தான். யூசுப் "மட்சான், மட்சான்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். மேலே ஒரு விமானம் போன சத்தம் கேட்டது. யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

எல்லையில் பார்த்தால் மனுஷத் தலைதான். நாட்டுக்கு நாடு தனி வரிசை. நம் நாட்டுக்காரர்களுக்கு ஒரு பஸ் வந்து நின்றிருந்தது. பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த வடநாட்டு அதிகாரியிடம் வேலு, "ஒரு பேமிலி, அஞ்சு பேர்" என்றான். அவர் பாஸ்போர்ட்டை எண்ணினார். நாலு.

"இவர் யார்?"

"மாமா" என்றான் வேலு.

ஹிந்தியிலும் மாமா என்றால் அம்மாவின் அண்ணன் தம்பிதான். அந்த அதிகாரிக்கு வார்த்தை நன்றாகவே புரிந்தது. யூசுப்பை ஒரு தரம் பார்த்தார். கெட்டவர் இல்லை, பாவம். "நம்ம பாஸ்போர்ட் இருக்கிறவங்கதான் ஏற முடியும்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சாட் நாட்டுக்காரர்களுக்கு வண்டி வருமா என்று கேட்டோம். வரும் என்றார்கள், எப்போது என்று தெரியாது என்றார்கள். சனங்களைக் காப்பாற்றுவதற்காக எத்தனையோ நாடுகள் விமானம் அனுப்பியிருந்தன. அவரை ஏற்றிக்கொண்டு போக ஒரு பஸ் இல்லை.

எங்களிடம் இருந்த ரொட்டி, பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் அவர் கையில் திணித்தேன். நிலாவைத் தூக்கிப் பஸ் படியில் ஏற்றிவிட்டவர் அவர்தான். இவர் யூசுப்பின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தார். பியூஸும் டீசலும் தெரிந்த அரபியில் அதற்கு வார்த்தை இல்லை. "போ, போ" என்று யூசுப்தான் இவரைத் தள்ளிவிட்டார். பஸ் திரும்பும்போது பார்த்தேன், வரிசையின் கடைசியைத் தேடி நடந்துகொண்டிருந்தார். அவர் கோட்டும் இல்லாமல் சட்டையோடு இருந்தார். நாங்கள் மறுபடி லிபியாவுக்கு வந்ததும் பழைய ஆஸ்பத்திரிச் சலவை அறைக்குப் போய் விசாரித்தோம். ஹலீமாவிடம் கேட்டோம். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

கெய்ரோ, சென்னை என்று மாறி மாறி, ஒரு வழியாகச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினோம். குமராட்சியில் பாதி அங்கேதான் நின்றது. அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். மாமனார் அழவில்லை. எங்களை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருத்தர் தலையிலும் கையை வைத்துப் பார்த்தார். மகன், மருமகள், பேத்தி, வேலு. பக்கத்தில் டீக்குடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, ஜெயித்த வேட்பாளர் மாதிரி குரலை உயர்த்தினார்.

"எல்லாம் வந்து சேந்துட்டாங்கப்பா. நம்ம ஆளு ஒண்ணும் கொறயல!"

நிலா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா, யூசுப் மாமா வரல" என்றாள். நல்ல தமிழில்.

அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா, கொழந்தைக்கு இப்பதான் மொற சொல்லவே வருது" என்று நிலா கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். நான் வேலுவைப் பார்த்தேன். அவன் பையைத் தூக்குகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

மாமனாருக்கு மட்டும் குழப்பம். விரல் விட்டுச் சொந்தபந்தத்தை எல்லாம் மனசுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு இவரிடம் கேட்டார்.

"யார்ரா அது? நம்ம சனத்துல யூசுப்புன்னு ஒரு மாமா?"

"இருக்காருப்பா" என்றார் இவர். "இன்னும் லைன்ல நிக்கிறாரு."